பேர் சொன்னால் பலிக்காது

என் மகளின் வலது கண் பார்வை போனதற்கு எங்கள் உறவுக்குள் ஒரு காரணம் சொல்கிறார்கள். நான் ஒரு செடியின் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டேனாம். அதனால் மருந்து பலிக்காமல் போய்விட்டதாம். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, எனக்குக் காது கேட்கிற தூரத்தில்தான் இதைப் பேசுவார்கள். பதில் சொல்லிப் பார்த்தேன். சண்டைக்காரி என்ற பட்டம்தான் கிடைத்தது. ஆகவே நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுவது என் வேலை. விடியற்காலையிலேயே ஷிப்ட் ஆரம்பித்துவிடும். என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் இருக்கிறார். ஒரே பெண். அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருஷம், டிவியைத் தலையைச் சாய்த்துப் பார்க்க ஆரம்பித்தாள். நடக்கும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். "கண்ணு தெரியாதா உனக்கு" என்று வீட்டில், பள்ளிக்கூடத்தில், வேனில் எல்லோரும் அவளைக் கேட்டோம். யாரும் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. திட்டாகத்தான் கேட்டோம்.

கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று போனோம். கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனுக்குப் பிறகு கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குழந்தைகளின் புற்றுநோயைப் பார்க்கிற டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். எங்கள் பக்கத்துப் பேச்சுதான் அவருக்கும்.

"கண்ணுல இருந்து மூளைக்குப் போற ரெண்டு நரம்பும் குறுக்க சேர்ற எடத்துல கட்டி இருக்குதுங்க," என்றார். "மெதுவா வளர்ற கட்டி. உயிருக்கு ஒடனே ஆபத்து இல்லீங்க. ஆனா பார்வையை எடுத்துரும். ரெண்டு கண்ணும் கொறைஞ்சிருக்குது. இப்ப இருக்கிறதைக் காப்பாத்தறதுதான் நம்ம வேலை. போனதைத் திருப்பிக் கொண்டார முடியாது."

"ஆபரேசன் பண்ணி எடுத்துற முடியாதுங்களா?"

"நரம்புக்குள்ளயே இருக்குதுங்க. கட்டியை எடுத்தா நரம்பும் கூடவே வந்துரும்."

அது எனக்குப் புரிந்தது. காயிலுக்குள் கம்பி எரிந்துபோனால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது. மொத்தமாக அறுத்து எடுத்துவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றுவோம். கண்ணுக்குப் புதுக் கம்பி கிடையாது.

வருஷக் கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும், சம்மதம் வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரர் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "அண்ணனைக் கேட்டுக்கறேனுங்க," என்றார். பெற்ற அப்பன் அவர். கண் போகப்போகிறது என்று டாக்டர் சொல்லி முடித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த அண்ணன், என் மச்சாண்டார், சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் மஞ்சளும் வாழையும் போடுகிறவர். மாமனார் சீக்கிரமே செத்துப்போனதால் தம்பியைப் படிக்கவைத்து, வேலையில் சேர்த்து, கல்யாணம் பண்ணிவைத்தது அவர்தான். கெட்டவர் இல்லை. என் மகள் என்றால் அவருக்கு உயிர். இதைச் சொல்லிவிட்டால் என் கோபம் குறையும் என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள். குறையவில்லை.

மறுநாளே அவர் வந்துவிட்டார். கூடவே ஒரு சித்தி, இரண்டு பங்காளிகள். டாக்டரின் அறையில் நாற்காலி போதாமல் நின்றுகொண்டு பேசினோம்.

"ஏனுங்க டாக்டரம்மா, இதெல்லாம் கெமிக்கலுங்க. பயிருக்கு அடிக்கிற மருந்தே நெலத்தைக் கெடுக்குது. பிஞ்சு ஒடம்புல எப்படீங்க ஏத்தறது? மஞ்சள்ல இருக்கிற சத்து மூளைக் கட்டியைக் கொல்லுதுன்னு போன்ல வந்துச்சுங்களே. நான் மஞ்சக்காரனுங்க. மூட்டை மூட்டையா வெச்சிருக்கறேன்."

டாக்டர் சிரித்தார். "அது கண்ணாடித் தட்டுல வெச்சு வளர்த்த செல்லுங்க. தட்டுல எத்தனையோ பொருளு கொல்லும். நாம தின்னது ரத்தத்துல கலந்து மூளைக்குள்ள போய்ச் சேரோணுமே. மூளையைச் சுத்தி ஒரு வேலி இருக்குது. லேசுல எதையும் உள்ள உடாதுங்க."

"அப்ப பச்சிலை ஆகாதுங்கறீங்க."

மச்சாண்டாரின் முகம் இறுகியது. வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அடுத்த வாய் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"ஆகாதுன்னு ஆருங்க சொன்னா? பாப்பாவுக்குப் போடப்போற ரெண்டு மருந்துல ஒண்ணு பச்சிலையில இருந்து வந்ததுதாங்க. வின்கிரிஸ்டின்னு பேரு. பாருங்க, இந்தச் செடிதான்." போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

மச்சாண்டார் போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இது சுடுகாட்டுப் பூவுல்ல."

"ஆமாங்க. நித்தியகல்யாணி."

சித்தி வாயில் கையை வைத்தாள். "அய்யோ, சுடுகாட்டுப் பூவையா கொளந்தைக்கு ஏத்தறீங்க?"

"நீ சும்மா இரு சித்தி. சிவனுக்கே ஊடு சுடுகாடுதான்," என்றார் மச்சாண்டார். முகம் மொத்தமாக மாறிவிட்டது. தன்னுடைய ஆளை எதிரியின் வீட்டுக்குள் பார்த்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம். தம்பியின் பக்கம் திரும்பி, "கையெழுத்துப் போட்டுக் குடுறா," என்றார்.

அந்த ஒரு வார்த்தையால்தான் என் மகளுக்கு வைத்தியம் ஆரம்பித்தது. இதை நான் மறைக்கமாட்டேன். அந்தப் பூவைப் பற்றி டாக்டர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே சத்தியமங்கலத்துக்கு வண்டி ஏறியிருப்போம்.

வாராவாரம் போனோம். நெஞ்சில் தோலுக்கடியில் ஒரு சின்ன டப்பா வைத்து அதன் வழியாக மருந்து ஏற்றினார்கள். ஒன்று வெகுநேரம் சொட்டும். பூ மருந்து சின்னப் பையில் வரும், சீக்கிரம் முடிந்துவிடும். 'பூ மருந்து' என்பது என் மகள் வைத்த பெயர். அதற்கு மறுநாள் அவளுக்குத் தாடை வலிக்கும். இட்லியைக்கூடப் பிசைந்து கரைத்துக் கொடுக்க வேண்டும். முடி கொட்டியது. வயிறு கட்டிக்கொள்ளும், அதற்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். இதெல்லாம் வரும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். சொன்னபடியே வந்ததால் எனக்குப் பயம் இல்லை.

பார்வை நின்றது. அதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. கண் டாக்டர் ஒரு கண்ணை மூடி, படங்கள் போட்ட அட்டையைக் காட்டுவார். வீடு, ஆப்பிள், குடை. வலது கண்ணில் ஒருநாள் குடையைச் சொன்னாள். அதற்கு முந்தின தடவை குடை அவளுக்குக் கறுப்பாகத்தான் தெரிந்தது. நான் வெளியே வந்து காரிடாரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பெனியில் எல்லோருக்கும் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

மச்சாண்டார் ஊரில் மாரியம்மன் நோம்பி, திருவிழா வந்தது. வாராவாரம் ஏற்றுகிற கட்டம் முடிந்து, நடுவில் சில நாள் ஓய்வு கொடுத்திருந்தார்கள். கூட்டத்துக்குள் கொண்டு போகக்கூடாது, தோட்டத்தில் வேண்டுமானால் இருக்கட்டும் என்றார் டாக்டர். எனக்கு லீவு இல்லை. அப்பாவும் மகளும் போனார்கள். திரும்பி வரும்போது நேந்திரம் பழமும், ஒரு டப்பாவில் பச்சைப் பொடியும் வந்தன. பழத்தை நான் பார்த்தேன். டப்பாவைப் பார்க்கவில்லை.

நான் விடியுமுன் கிளம்பிப் போன பிறகு, என் வீட்டுக்காரர் அந்தப் பொடியைக் காய்ச்சி, வடிகட்டி, வெறும் வயிற்றில் மகளுக்குக் கொடுத்திருக்கிறார். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். தீரத் தீர, மேட்டுப்பாளையத்துக்கு வாழைத்தார் ஏற்றிப் போகிற டெம்போவில் புது டப்பா வந்திருக்கிறது. ஓய்வு முடிந்து பூ மருந்து திரும்ப ஆரம்பித்த பிறகும் இது நடந்திருக்கிறது.

முதலில் கால் கெட்டது. நடக்கும்போது பாதம் தரையில் தப்பு தப்பு என்று அடித்தது. செருப்பு நழுவி விழுந்தது. பிறகு வயிறு கல்லாகிவிட்டது. எந்த மருந்துக்கும் இளகவில்லை. பச்சையாக வாந்தி எடுத்தாள். காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் அணுக்கள் கீழே போய்க் கிடந்தன.

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். "இதெல்லாம் இந்த மருந்துக்கு வரக்கூடியதுதாங்க. ஆனா ஒரேயடியா இத்தனை வேகமா வராதே. வேற ஏதாவது குடுத்தீங்களா? நாட்டு மருந்து, லேகியம், எதுவா இருந்தாலும் சொல்லிருங்க. நான் திட்டமாட்டேன்."

"இல்லீங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்லீங்க," என்றேன் நானும். எனக்குத் தெரிந்து இல்லைதான்.

கட்டிலில் படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: "பெரியப்பா கசாயம். ரொம்பக் கசப்பு."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அன்றைக்கு அவரை அடிக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், குழந்தை முழித்துக்கொண்டிருந்தது.

"என்ன பச்சிலைங்க?" என்றார் டாக்டர்.

"தெரியாதுங்க. பொடியாத்தான் வரும். அண்ணன் சொல்லலை. நான் கேக்கலை."

வீட்டில் இருந்த டப்பாவும் காலி என்றார். மச்சாண்டாருக்கு அங்கேயே போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"பேரச் சொன்னாப் பலிக்காது அம்மணி."

"மாமா, கொளந்தை வயிறு கல்லாட்டம் கெடக்குதுங்க. என்ன எலைன்னு தெரிஞ்சாத்தான் டாக்டர் பாக்க முடியும்."

"சாமி முன்னால வாய் கட்டிக் குடுக்கறது அது. குடுக்கறவன் பேரச் சொன்னா எறங்கிப் போயிரும். இத்தனை நாளாக் குடை தெரியுதுன்னு சொல்றாளே, எதனாலங்கற? நீ பொறுமையா இரு."

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பாம்புக்கடிக்கும் மஞ்சள் காமாலைக்கும் இலை கொடுக்கிறவர்கள் இலையின் பெயரைச் சொல்லமாட்டார்கள். கசக்கி உருண்டையாக்கித்தான் கொடுப்பார்கள். வாங்குகிறவர்களும் கேட்கமாட்டார்கள். கேட்பதே மரியாதைக் குறைவு. எதைக் கேட்டாலும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிற ஊர் இது. குழந்தைக்கு வாயில் என்ன ஊற்றுகிறீர்கள் என்று மட்டும் அண்ணனைக் கேட்க என் வீட்டுக்காரருக்கு வாய் வரவில்லை.

அவரைக் குழந்தையிடம் உட்காரவைத்துவிட்டு நான் காந்திபுரத்தில் சத்தியமங்கலம் பஸ் ஏறினேன்.

தோட்டத்தில் மச்சாண்டார் மஞ்சள் காட்டுக்குள் நின்றிருந்தார். நான் அவரிடம் போகவில்லை. நேராகக் களத்தைப் பார்த்தேன், மாட்டுக் கட்டுத்தறியைப் பார்த்தேன், மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனேன். அங்கே இருந்தது. மேட்டுப்பாத்தி கட்டி, வாழைச் சருகால் மூடாக்குப் போட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, வரிசை பிடித்து நட்டிருந்தார். வெள்ளைப் பூ ஒரு பாத்தி, ரோஸ் பூ ஒரு பாத்தி. இலைகளைக் கிள்ளியிருந்த இடத்தில் புதுத் தளிர் வந்திருந்தது. சுடுகாட்டில் தானாக முளைத்துக் கிடக்கிற செடி. மாடு வாய் வைக்காது. அதற்கு மஞ்சளைவிட நல்ல கவனிப்பு.

டாக்டர் போனில் காட்டிய படம் எனக்கு அப்படியே ஞாபகம் இருந்தது.

மச்சாண்டார் மூச்சு வாங்க ஓடிவந்தார். "கை வெக்காத அம்மணி. தலைக்குத் தண்ணி வாத்துக்காமத் தொடக்கூடாது."

"இதைத்தான் குடுத்தீங்களா?"

வாயால் சொல்லவில்லை. செடியைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

"ட்ரிப்புல போறதே இதுதானுங்களே மாமா. அதுக்கு மேல இது எதுக்குங்க?"

"நீ பண்ணயம் பண்ணியிருந்தீன்னா இதைக் கேக்கமாட்ட. மஞ்சளுக்கு அடியுரம் மட்டும் போட்டாப் பத்துமா? மேலயும் தெளிக்கோணும். வேருலயும் எலையிலயும் ரெண்டு பக்கமும் போனாத்தான் பயிரு எந்திரிக்கும். அவங்க ஊசியில ஒரு பக்கம் ஏத்தறாங்க. நான் வாயில ஒரு பக்கம் குடுத்தேன். அதுவும் அளவாத்தான்."

"எந்த அளவுங்க?"

"கொளந்தைக்கு என்ன அளவோ அந்த அளவு."

"அவ பயிருங்களா மாமா?"

அவர் கண் கலங்கிவிட்டது. "எம்பட புள்ளைக்கு நான் கெடுதல் பண்ணுவனா அம்மணி?"

"பண்ணமாட்டீங்க," என்றேன். "அதனாலதான் உங்களை ஆரும் தடுக்கலை."

இரண்டு செடியை வேரோடு பிடுங்கினேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. தம்பி பொண்டாட்டியைத் தொடக்கூடாது என்கிற மரியாதை. பின்னாலேயே வந்தார். "கொண்டு போனாலும் போ. பேரை மட்டும் சொல்லிப்போடாத. இத்தனை நாள் குடுத்ததெல்லாம் வீணாப் போயிரும்."

"டாக்டரம்மா மொதல்லயே பேரச் சொல்லிட்டாங்களே மாமா. அன்னைக்கு நீங்களும் சொன்னீங்களே."

"அது இங்கிலீசு மருந்துக்குச் சொன்னது. நான் பொடிச்சுக் குடுத்தது வேற."

இதற்கு மேல் அவரோடு பேச எனக்கு நேரம் இல்லை. 

திரும்பும்போது பஸ்ஸில் மஞ்சப்பையை மடியில் வைத்திருந்தேன். பூ வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், புளியம்பட்டி வந்ததும் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "ஏனுங்க அம்மணி, எழவு ஊடுங்களா?" என்றார்.

"இல்லீங்க. ஆஸ்பத்திரி."

"ஆஸ்பத்திரிக்கு ஆராச்சும் இதைக் கொண்டு போவாங்களா? மூடிக்குங்க. நோயாளி பாத்தாப் பயந்துக்கும்."

துண்டால் மூடிக்கொண்டேன்.

டாக்டரின் மேஜைமேல் செடிகளை வைத்தேன். வேரிலிருந்து செம்மண் கொட்டியது. அவர் ஒரு பூவை விரலால் தொட்டார்.

"இதை நான்தான் காட்டினேன்," என்றார்.

"ஆமாங்க. நீங்கதான் காட்டினீங்க."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. அவர் தப்பு இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் வரவில்லை.

பிறகு அவர் விளக்கினார். செடியில் ஒரு சத்து இல்லை, எத்தனையோ இருக்கின்றன. அதிலிருந்து ஒன்றைத் தனியாகப் பிரித்து, எவ்வளவு போனால் கட்டியை அடிக்கும், எவ்வளவு போனால் குழந்தையை அடிக்கும் என்று வருஷக் கணக்கில் பார்த்துத்தான் ஊசிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டு அளவுக்கும் நடுவில் இடம் ரொம்பக் கொஞ்சம். கஷாயத்தில் எது எவ்வளவு இருந்தது, அதில் எவ்வளவு உடம்புக்குள் போனது என்று இங்கே யாராலும் அளந்து சொல்ல முடியாது.

"அப்ப இதனாலதான் இப்படி ஆச்சா?"

"இருக்கலாமுங்க. உறுதியாச் சொல்ல முடியாது. ஊசி மட்டுமே சில கொளந்தைகளுக்கு இப்படிப் பண்ணும்."

அந்தப் பூ மருந்து ஊசி உடனே நின்றது. அணுக்கள் ஏறுகிற வரைக்கும் இன்னொரு மருந்தும் ஏற்ற முடியாது என்றார்கள். வயிறு இளகப் பல நாள் ஆனது. மூக்கில் குழாய், கையில் குழாய். பூஞ்சைக் காய்ச்சல் வேறு வந்தது. ஒன்று சரியாவதற்குள் இன்னொன்று. கட்டிக்கு எதுவுமே போகாமல் வாரங்கள் ஓடின. நான் லீவு எல்லாம் தீர்ந்து, சம்பளம் இல்லாமல் கட்டிலின் பக்கத்திலேயே கிடந்தேன்.

ஒருநாள் காலையில் டம்ளரை எடுக்கக் கை நீட்டினாள். டம்ளர் வலது பக்கம் இருந்தது. கை காற்றைத் துழாவியது. நான் அவளுடைய இடது கண்ணை என் உள்ளங்கையால் மூடி, என் முகத்தை முன்னால் கொண்டுபோனேன்.

"அம்மா தெரியறேனா?"

"லைட் ஆஃப் பண்ணிட்டியா?" என்றாள்.

ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. மருந்து நின்றதாலா என்று கேட்டேன். தானாகவும் வளர்ந்திருக்கலாம், சொல்ல முடியாது என்றார் டாக்டர். சொல்ல முடியாது, சொல்ல முடியாது. அந்த ஆஸ்பத்திரியில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் உண்மையை வைத்துக்கொண்டு யார் சட்டையைப் பிடிப்பது? மச்சாண்டாரைப் பிடித்தால் அவர் கஷாயத்தால்தான் என்று நிரூபிக்க முடியாது. டாக்டரைப் பிடித்தால் அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். என் வீட்டுக்காரரைப் பிடித்தால் அவர் தரையைப் பார்க்கிறார்.

மிச்சம் இருப்பது இடது கண். அதுவும் பாதி. அதைக் காப்பாற்ற வேறு மருந்து ஆரம்பித்தார்கள். கால் நரம்பை இது அவ்வளவாகக் கெடுக்காது என்றார்கள். இதன் பெயரும் முன்னதன் பெயரும் ஒரே மாதிரி ஆரம்பித்தது எனக்கு உறுத்தியது. காரிடாரில் டாக்டரை நிறுத்திக் கேட்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இதுவும் அதே செடியில இருந்து வர்றதுதாங்க. வேற சத்து," என்றார் தணிந்த குரலில். "இதை உங்களோட வெச்சுக்குங்க. ஊட்டுல ஆருக்கும் சொல்லாதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களும் பேரச் சொல்லமாட்டீங்களா டாக்டர்?" என்றேன். அவர் முகம் சிவந்தது. வார்டுக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு எந்தக் குடும்பத்திடமும் அவர் அந்தப் பூப் படத்தைக் காட்டி நான் பார்க்கவில்லை.

அந்த மருந்து முடிந்து இப்போது சில காலம் ஆகிறது. கட்டி உள்ளேயே இருக்கிறது, வளராமல். மகள் முன் பெஞ்சில் உட்கார்ந்து, புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறாள். காலில் பிளாஸ்டிக் பட்டை போட்டு நடக்கிறாள். மச்சாண்டார் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்: ஒரு கண் மிஞ்சியது அவர் கஷாயத்தால். ஒரு கண் போனது நான் செடியைப் பிடுங்கி, ஆஸ்பத்திரியில் வைத்துப் பெயரைச் சொன்னதால். இதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொல்கிறார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

உறவுக்காரர்கள் இன்னும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். மஞ்சள், கருஞ்சீரகம், ஏதோ ஒரு மரப்பட்டை. குழந்தைகளின் மூளைக் கட்டிக்கு மூலிகையில் மருந்து. அதை எழுதின ஆராய்ச்சிக்காரர் 'வாய்ப்பு இருக்கலாம்' என்று எழுதியிருப்பார். எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் 'லாம்' உதிர்ந்துவிடும். அவர்கள் ஆராயட்டும். நன்றாக ஆராயட்டும். என் மகளின் மிச்சக் கண் அப்படி யாரோ ஆராய்ந்ததால்தான் இருக்கிறது. அவர்கள் அத்தனை வருஷம் பாடுபட்டுச் செடியிலிருந்து பிரித்து எடுத்ததை, நாம் திரும்பவும் சட்டியில் போட்டுக் காய்ச்சுகிறோம். அதுதான் எனக்கு ஆத்திரம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். என்னைவிடச் சின்னவள். ஒரு பையில் தேங்காய் கொண்டுவந்திருந்தாள். அவள் மகளுக்கும் கண் நரம்பில்தான் கட்டி. அதே வாராந்திர ஊசி. ஏதோ கல்யாணத்தில் மச்சாண்டார் பேசியதைக் கேட்டிருக்கிறாள். அவரிடம் போயிருக்கிறாள். நான் பிடுங்கிய அன்றைக்கே அவர் அந்தப் பாத்தியை அழித்துவிட்டாராம், கெட்டுப்போனது என்று.

"பொடியாக் குடுத்தாக்கூடப் போதுமுங்க அக்கா. இல்லாட்டி என்ன எலைன்னு மட்டும் காதுல சொல்லுங்க. நான் ஆருகிட்டயும் சொல்லமாட்டேன். எம்புள்ளைக்கும் ஒரு கண்ணாச்சும் மிஞ்சட்டும்."

நான் சொல்லமாட்டேன் என்றால், அவள் இன்னும் தேடுவாள். பெயர் தெரியாத இலைக்கு அவ்வளவு சக்தி. விளக்கம் சொன்னால் கேட்கிற நிலையில் அவள் இல்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஆஸ்பத்திரிக் காரிடாரில் நின்றேன். என் மச்சாண்டார் சொன்ன வழக்கம் அப்போதுதான் எனக்கு உபயோகப்பட்டது.

எழுந்து வாசல் கதவைத் திறந்துவைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே இருந்தார்கள். தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"நித்தியகல்யாணி. சுடுகாட்டுப் பூ. வெள்ளையும் இருக்கும், ரோஸும் இருக்கும். அதைத்தான் காச்சிக் குடுத்தாங்க. உங்க புள்ளைக்கு ஊசியில போறதும் அதுல இருந்து எடுத்ததுதான். ஊசியோட நிறுத்திக்குங்க."

அவள் முகம் செத்துவிட்டது. "இப்படிச் சத்தமாச் சொல்லிப்போட்டீங்களே," என்றாள். "இனி எனக்கு அது ஆகாதே."

"ஆகாது," என்றேன்.

அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். தேங்காய்ப் பை சாய்ந்து ஒரு காய் வாசல்வரைக்கும் உருண்டு போனது. சத்தம் கேட்டு என் மகள் உள்ளேயிருந்து வந்தாள். பட்டை போட்ட கால் தரையில் தட்டியது. தலையைத் திருப்பி, இடது கண்ணைப் படியின் பக்கம் கொண்டுவந்து பார்த்தாள். அந்தத் தூரத்துக்கு அவளுக்கு முகம் தெரியாது.

"ஆரும்மா அது? அழுவுறாங்களா, சிரிக்கிறாங்களா?"

"அழுவுறாங்க," என்றேன். "உள்ள போய்த் தண்ணி கொண்டா."